கேட்கத் தெரிந்த மருத்துவர்

1917ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இலண்டன் அரச மருத்துவக் கழகத்தின் உளமருத்துவப் பிரிவில் ஒரு மருத்துவர் கட்டுரை படித்தார். போரின் கொடுமைகளைக் கண்டு உள்ளம் கலங்கியவர்கள் அந்த நினைவுகளை வலிந்து அமுக்கி வைப்பதால் விளையும் கேட்டைப் பற்றியது அக்கட்டுரை. 1918 பிப்ரவரியில் அது ‘லான்செட்’ இதழில் அச்சாயிற்று. அதே ஆண்டில் சிக்ஃப்ரீட் சஸூன் என்னும் ஆங்கிலக் கவிஞரின் தொகுதி ஒன்று வெளிவந்தது. அதிலுள்ள ஒரு கவிதை அந்த மருத்துவக் கட்டுரையின் தலைப்பையே தாங்கி நின்றது. கவிஞர் நோயாளியாக இருந்தவர். கட்டுரையாளர் அவருக்கு மருத்துவம் செய்தவர். மருத்துவ ஏட்டிலிருந்து ஒரு தலைப்பு கவிதைக்கு இடம்பெயர்வது அன்றாடம் நிகழ்வதன்று.

அந்த மருத்துவரின் பெயர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ். கடைசிப் பெயர் இருமுறை வந்திருப்பது அச்சுப்பிழை அன்று. அவர் பெயரே அப்படித்தான். நம் வட்டத்தில் போர்க் கவிஞர்களைப் படித்தோர் அவரைச் சஸூனின் மருத்துவராக அறிவர். நீலகிரித் தோடரைப் பற்றிப் படித்தோர் 1906இல் வெளிவந்த ‘தோடர்கள்’ என்னும் பெருநூலின் ஆசிரியராக அறிவர். இருவரும் ஒருவரே என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. மலைமுகட்டுப் பால்மடத்தின் வாயிலில் அமர்ந்து மூதாதையர் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதியவர்தாம், பின்னாளில் தூக்கத்தில் அலறிய படைத்தலைவர்களின் கட்டிலருகே அமர்ந்தார். முன்னது இல்லையேல் பின்னது இவ்வாறு நடந்திராது என்பது என் எண்ணம். அவருடைய வாழ்வை இங்கே சொல்லப் புகுவதும் அதனாற்றான்.

1864 மார்ச் 12ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாத்தம் நகரை ஒட்டிய லூட்டன் என்னும் ஊரில் ரிவர்ஸ் பிறந்தார். தந்தை ஒரு கிறித்தவப் போதகர். திக்குவாயைத் திருத்தும் பயிற்சியும் அளித்து வந்தார். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் திக்கிப் பேசுபவர்; அவரும் அந்தத் தந்தையிடம் வந்தவர்களுள் ஒருவர். ஆனால் வீட்டின் மூத்த மகனுடைய திக்கல் மட்டும் தீரவில்லை. ஊரார் நாவைத் திருத்திய தந்தைக்குத் தம் மகனின் நாவு வசப்படவில்லை. அந்தத் திக்கல் சாகும்வரை ரிவர்ஸிடம் இருந்தது. கல்லூரி விருந்து மேசைகளில் அவர் வாய் திறவாது இருப்பதே வழக்கமாக இருந்தது.

திக்குவாய்ப் பயிற்சிக் கலை அக்குடும்பத்துக்கு வந்தது தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட் வழியாக. அவர் 1863இல் இலண்டனில் ஒரு மானிடவியல் சங்கத்தை நிறுவியவர். கறுப்பின மக்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர் என்று மேடையேறி வாதிட்டவர். அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர். மருமகனும் மானிடவியலுக்கே வந்து சேர்ந்தார். ஆனால் மாமன் முடிவு கட்டி வைத்த மக்களிடமே நேரில் சென்று கேட்கும் வழியில் வந்தார். மாமன் என்ற சொல்லை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ மாமன், சித்தப்பா, பெரியப்பா அனைவருக்கும் ஒரே சொல்தான். இந்த வேறுபாடு பின்னாளில் ரிவர்ஸை வெகுதூரம் இழுத்துச் சென்றது.

பள்ளி இறுதியில் வந்த டைஃபாய்டு காய்ச்சலால் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வை எழுத இயலவில்லை. இலண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் சேர்ந்து 1886இல், இருபத்திரண்டு வயதில், மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு கப்பல் மருத்துவராகச் சப்பான் வரை சென்று வந்தார். 1892இல் செருமனியின் யேனா நகரில் சில மாதங்கள் தங்கி உளவியல் கற்றார். மனநோய்த் துறையே தம் துறை என்று அங்கேதான் முடிவு செய்தார். திரும்பி வந்து பெத்லம் மனநோய் மருத்துவமனையில் உதவி மருத்துவராக அமர்ந்தார். அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜுக்கு அழைப்பு வந்தது. புலன்களின் இயக்கத்தைக் கற்பிக்கும் பணி அது. 1897இல் அங்குத் தொடங்கிய உளவியல் ஆய்வுக்கூடம் இவர் பொறுப்பில் இருந்தது.

இன்று உளமருத்துவப் பயிற்சிக்கு வரும் இளைஞர் சமூகவியலும் பயில வேண்டும், மனித இனத்தின் பரிணாமத்தையும் அறிய வேண்டும் என்ற குரல் எழுந்திருக்கிறது. பிரித்தானிய உளமருத்துவர்களின் அரச கல்லூரியில் பரிணாம உளமருத்துவத்துக்கெனத் தனிக் குழுவே 2016இல் அமைந்தது. ரிவர்ஸ் இளைஞராக இருந்தபோது இத்தகைய வாயில் எதுவும் இல்லை. பெத்லத்தில் தொடங்கி ஆய்வுக்கூடத்துக்கும், அங்கிருந்து தீவுக்கும், தீவிலிருந்து மலைக்கும் அவர் போன வழி அவர் நடந்ததால் உண்டான ஒற்றையடிப் பாதை. அது சில இடங்களில் தவறான திசையிலும் போயிற்று. அதையும் மறைக்காமல் சொல்வேன்.

1898இல் ஹாடன் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. காட்டு மனிதனின் கண் கழுகின் கண், அவன் அறிவோ குழந்தையின் அறிவு என்று அந்நாளைய ஐரோப்பா நம்பியிருந்தது. அதை அளந்து பார்க்க ரிவர்ஸ் கருவிகளோடு போனார். தீவு மக்களின் பார்வைக் கூர்மை வியக்கத்தக்க அளவுக்கு மிகுதியானதன்று என்று கண்டார். தொலைவில் வரும் படகை அவர்கள் முன்னதாக இனம் கண்டது கண்ணின் வலிமையால் அன்று. கடலை அறிந்த பழக்கத்தால். அம்புமுனை வரைந்த இரு கோடுகளில் ஒன்றை நீளமாகக் காட்டும் கண்மயக்கு ஒன்றுண்டு. அதில் ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தீவினர் ஏமாறவில்லை. இத்தனையும் கண்ட பிறகும் ரிவர்ஸ், புலனுக்கே அறிவாற்றல் செலவாவதால் அவர்களின் உயர்சிந்தனை குன்றுகிறது என்றும் எழுதி வைத்தார். மாமனின் காலம் மருமகனை முற்றிலும் விட்டுவிடவில்லை.

அத்தீவுகளில் அவர் கண்ட பெரும்பயன் வேறொன்று. பார்வைத் திறன் குடும்ப வழியாக வருகிறதா என்று அறிய யார் யாருக்கு உறவு என்று கேட்டெழுதத் தொடங்கினார். தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்னும் ஐந்து சொற்களோடு நிறுத்திக்கொண்டார். ஏனைய ஆங்கில உறவுச் சொற்கள் ஏமாற்றிவிடும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து சொற்களைக் கொண்டு கொடிவழியை வரைந்த பின், இன்னாரை நீ எவ்வாறு அழைப்பாய் என்று கேட்டார். சமூகத்தின் எலும்புக்கூடு முழுவதும் அதில் தெரிந்தது. இக்கொடிவழி முறையை 1900இல் வெளியிட்டார். மானிடவியல் மாணவர்கள் இன்றளவும் அதைக் கையாள்கின்றனர்.

அந்த முறையோடு 1901ஆம் ஆண்டின் இறுதியில் நீலகிரிக்கு வந்தார். தோடர் அப்போது ஏறத்தாழ எண்ணூறு பேர். எருமையும் பால்மடமும் அவர்களுக்கு வாழ்வும் வழிபாடும் ஆனவை. ரிவர்ஸ் அவர்கள் மொழியை அறியார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே சில மாதங்கள் உழைத்தார். இறந்த உறவினரின் பெயரை வாயால் சொல்வது தோடரிடையே விலக்கு. இறந்தோர் பெயர்களைக் கொண்டே வரைய வேண்டிய கொடிவழிக்கு இதைவிடப் பெரிய தடை உண்டா? ஒருவர் முன்னோரின் பெயரை மற்றொரு குடும்பத்தாரிடம், மறைவாகக் கேட்டறிந்தார். கிடைத்த பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தார். எண்ணூறு பேர் கொண்ட இனம் முழுவதும் அநேகமாக அவர் அட்டவணைகளுக்குள் வந்துவிட்டது.

அங்கே ஒரு சடங்கு அவர் சிந்தையைக் கவர்ந்தது. உடன்பிறந்தார் பலருக்கு ஒரு மனைவி என்பது அந்நாளைய தோடர் வழக்கம். மனைவி கருவுற்ற ஏழாம் மாத அளவில் கணவருள் ஒருவர் குச்சியால் வளைத்த வில்லையும் புல்லால் ஆன அம்பையும் அவள் கையில் தருவார். வில் தந்தவரே பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை. மற்றொருவர் வில் தரும்வரை அடுத்தடுத்துப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் அவரே தந்தை. இடையில் இறந்துபோனாலும் தந்தையே. தந்தைமை என்பதைக் குருதி தருவதில்லை, சமூகம் தருகிறது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ! மருத்துவம் படித்த ஒருவர் இதை ஒரு குச்சிவில்லின் வழியே கற்க நேர்ந்தது.

புறப்படும் காலம் நெருங்கியபோது நிகழ்ந்தவை துயரமானவை. அவருக்கு மறைபொருள்களைச் சொன்னவருள் ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவர் மனைவியை இழந்தார். ஒருவருடைய பால்மடம் தீக்கிரையாயிற்று. சொல்லக் கூடாததைச் சொன்னதால் தெய்வம் சினந்தது என்று தோடர் அஞ்சினர்; பேசியவர்கள் வாய் மூடிக்கொண்டனர். ரிவர்ஸ் இதை மறைக்காமல் தம் நூலின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். அவர் நேர்மையைப் போற்றலாம். ஆயினும் தகவல் சேர்ந்தது அவருக்கு. அச்சம் சேர்ந்தது அவர்களுக்கு. ஒருவனைப் பேச வைப்பதன் விலையை அந்தப் பேச்சைச் சொன்னவன்தான் கொடுக்கிறான் என்பது அவர் நீலகிரியில் பெற்ற பாடமாயிற்று. பதினைந்து ஆண்டு கழித்து அது வேறுருவில் அவர் முன் வந்து நின்றது.

கவிஞர்களாகிய நமக்கு ஒரு குறை தோன்றும். அத்தனை பெரிய நூலிலும் தோடரின் பாட்டு தன் குரலில் ஒலிக்கவில்லை. மொழியறியாதவர் செவிக்கு அது எட்டாது. அதைக் கேட்டுப் பதிவு செய்யப் பின்னாளில் எமனோ என்னும் மொழியியலறிஞர் வரவேண்டியிருந்தது. தோடர் பாடல்களில் தொடர்கள் இணை இணையாகவே நடக்கும் அழகை அவர் 1930களில் மலையில் தங்கிக் கற்று, 1971இல் பெருந்தொகுதியாக வெளியிட்டார். ரிவர்ஸ் நம் பக்கத்தில் செய்த மற்றொரு சிறுபணியையும் சொல்லிவிட வேண்டும். ஊராளி, சோளகர் ஆகியோரின் பார்வைத் திறனை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1903இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் வந்தது. மாமன் மகள், அத்தை மகளை மணக்கும் நம் வழக்கத்தைப் பற்றியும் 1907இல் எழுதினார்.

கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிய பின் நண்பர் ஹென்றி ஹெட்டோடு ஒரு விந்தையான ஆய்வில் இறங்கினார். நரம்பு மருத்துவரான ஹெட், 1903 ஏப்ரல் 25ஆம் நாள் தம் இடக்கையின் உணர்நரம்புகளைத் தாமே விரும்பி வெட்டச் செய்துகொண்டார். நான்காண்டுக் காலம் வார இறுதிகளில் ரிவர்ஸின் அறைக்கு வந்து கண்மூடி அமர்வார். ரிவர்ஸ் ஊசியாலும் பஞ்சாலும் வெப்பத்தாலும் குளிராலும் உணர்வு திரும்பும் வகையைச் சோதிப்பார். முதலில் முரட்டு உணர்வு திரும்பியது. எங்கே என்று சுட்ட முடியாத, பொங்கி எழும் வலி அது. நெடுநாள் கழித்தே நுண்ணுணர்வு வந்து முன்னதை அடக்கியது. பரிணாமத்தில் முந்திப் பிறந்தது முரட்டுணர்வு, பிந்தியது நுண்ணுணர்வு. பழையது அழிவதில்லை, புதியதன் கீழ் அடங்கிக் கிடக்கிறது என்று இருவரும் முடிவு கட்டினர். பின்வந்த உடலியலார் இப்பகுப்பை ஏற்கவில்லை. ஆனால் அடங்கிக் கிடக்கும் பழையது என்ற கருத்து ரிவர்ஸை விடவில்லை. நம்மவர்க்கு ஒரு செய்தி: கையை அறுக்கக் கொடுத்த ஹெட் கவிதையும் எழுதுவார், 1919இல் தொகுதியும் வெளியிட்டார்.

1908இல் மெலனீசியத் தீவுகளில் தங்கி ஆராய்ந்தார். 1914இல் அதன் பயனாக இரு தொகுதிகள் வந்தன. அவற்றைப் பற்றி விரிக்கப் போவதில்லை. சமூகங்கள் படிப்படியாக வளர்ந்தன என்ற கொள்கையைக் கைவிட்டு, எல்லாம் எங்கிருந்தோ கப்பலேறி வந்தவை என்ற கொள்கைக்கு 1911இல் மாறினார். எலியட் ஸ்மித் என்ற நண்பரின் எகிப்து மயக்கம் அவரையும் பற்றிக்கொண்டது. நல்ல காது படைத்தவர்க்கும் நண்பரின் குரல் சில வேளை மிகையாகக் கேட்டுவிடும்.

1914இல் போர் மூண்டபோது அவர் பசிபிக் பகுதியில் இருந்தார். நாடு திரும்பியதும் 1915இல் லிவர்பூலுக்கு அருகிலுள்ள மாகுல் இராணுவ மருத்துவமனையில் சேர்ந்தார். 1916இல் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்குச் சென்றார். வயது ஐம்பத்திரண்டு, உடையில் இராணுவ மருத்துவப் படைக் கேப்டன். குண்டதிர்ச்சி என்ற சொல்லை 1915இல் மருத்துவ இதழில் முதன்முதல் எழுதிய மையர்ஸ், இவருடைய மாணவர். கை நடுங்கியவர், நடை இழந்தவர், பேச்சற்றவர் எனப் போர்முனையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தனர். கோழைகள் என்றது படை. இலண்டனில் ஊமையாகிப் போன சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்த மருத்துவரும் இருந்தார்.

திக்கிப் பேசும் ரிவர்ஸ் அந்த வழியில் போகவில்லை. ஊமையாவோர் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்கள், திக்குவோர் அதிகாரிகள் என்பதைக் கவனித்தார். அஞ்சுவது இழுக்கு என்று பள்ளியிலிருந்தே பயின்றவன் அச்சத்தை விழுங்குகிறான். அது கனவாகவும் நடுக்கமாகவும் வெளிவருகிறது. ஒரே குண்டுவீச்சு வேறு வேறு சமூக நிலையில் வேறு வேறு நோயாவதைத் தீவிலும் மலையிலும் திரிந்த கண் கண்டுகொண்டது. பலூனில் கட்டுண்டு மிதந்து வேவு பார்த்தவர்கள் விமானம் ஓட்டியவர்களைவிட மிகுதியாகக் கலங்கினர் என்பதையும் பின்னர்க் கண்டார். ஆபத்தில் கைக்கு வேலையிருந்தால் மனம் தாங்கும். கையைக் கட்டிப்போட்டால் முறியும். ஓடுதல், எதிர்த்தல், கைவினையால் தப்புதல், அசைவற்று நிற்றல், சோர்ந்து வீழ்தல் என விலங்கிலிருந்து மனிதன்வரை ஆபத்துக்கு எழும் எதிர்வினைகளை வகுத்து 1920இல் ‘இயல்பூக்கமும் நனவிலியும்’ என்ற நூலில் எழுதினார். ஹெட்டின் கையில் தேடிய அடங்கிக் கிடக்கும் பழையது அங்கே மீண்டும் எழுந்தது.

அவர் செய்த மருத்துவம் பெரும்பாலும் கேட்பதுதான். மறந்துவிடு என்று அறிவுரை சொல்லப்பட்டு வந்தவர்களை, நினைவை எதிர்கொள்ளச் செய்தார். ஓர் அதிகாரி, நண்பனின் உடல் சிதறிக் கிடந்ததைக் கண்டவர். இரவு தோறும் அந்த உருவம் அவரை நோக்கி வந்தது. அவ்வளவு சிதறியிருந்தால் நண்பர் வலியறியாமல் கணத்தில் இறந்திருக்க வேண்டும் என்பதை ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். அதன்பின் கனவு மாறியது. கனவில் நண்பனோடு துயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அளவுக்கு அது தணிந்தது. மற்றொருவர் வெடியில் தூக்கியெறியப்பட்டு, அழுகி வீங்கிய ஒரு பிணத்தின் வயிற்றில் முகம் பதிய விழுந்தவர். அந்த நினைவில் தேற்றம் தரும் இழை எதையும் ரிவர்ஸால் காண முடியவில்லை. படையை விட்டு விலகி நாட்டுப்புறம் போகச் சொன்னார். தோல்வியையும் அதே கட்டுரையில் எழுதி வைத்தார்.

1917 சூலையில் சஸூன் வந்தார். வீரப் பதக்கம் பெற்றவர். போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்று அறிக்கை விட்டவர். அது நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. படைநீதிமன்றத்துக்கு அனுப்பாமல் நோயாளி என்று மருத்துவமனைக்கு அனுப்ப நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் முயன்றார், அதுவே நடந்தது. சஸூனிடம் ரிவர்ஸ் நோய் எதையும் காணவில்லை. நோயற்றவனுக்கு மருத்துவர் என்ன செய்வது? மீண்டும் போருக்குப் போகும் மனநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் அரசு சம்பளம் தந்தது. வாரத்துக்கு மூன்று முறை இருவரும் பேசினர். அதே கட்டடத்தில் வேறொரு மருத்துவரின் பொறுப்பில் வில்ஃப்ரெட் ஓவன் இருந்தார். மருத்துவமனை இதழுக்கு ஆசிரியர். ஆகஸ்டில் அவர் சஸூனைத் தேடிவந்து பழகினார். அவர் கவிதை அதன்பின் வேறாயிற்று.

அந்த நாள்களில் ரிவர்ஸ் தாம் கண்ட கனவொன்றைப் பிற்காலத்தில் ஆராய்ந்து எழுதினார். நோயாளியைத் தம் பக்கம் திருப்பும் வேலையில், நோயாளி தம்மைத் திருப்பிவிட்டால் என்ன ஆவது என்ற கலக்கம் அக்கனவின் அடியில் இருந்ததை ஒப்புக்கொண்டார். இராணுவ உடை அணிந்திருக்கும்வரை இந்த உரையாடலில் தாம் சுதந்திர மனிதர் அல்லர் என்றும் எழுதினார். நவம்பரில் சஸூன் தாமே விரும்பிப் போர்ப்பணிக்குத் திரும்பினார். தம் வீரர்கள் அங்கே சாகத் தாம் இங்கே பத்திரமாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ரிவர்ஸ் வெற்றி பெற்றார் எனலாம். அதை வெற்றி என்று சொல்ல அவருக்கும் நா எழுந்திராது. 1918 சூலையில் சஸூன் தலையில் காயம்பட்டு இலண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது ரிவர்ஸ் சென்று பார்த்தார். ஓவனும் போர்முனைக்குத் திரும்பியவர்தாம். போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், நவம்பர் 4ஆம் நாள் கொல்லப்பட்டார்.

போருக்குப் பின் ரிவர்ஸ் வேறு மனிதரானார் என்று கல்லூரியில் அவரை அறிந்தோர் கூறினர். ஒதுங்கியிருந்தவர் மாணவர்களைத் தேடிப் பழகினார். இந்தியாவிலிருந்து 1920இல் வந்த குர்யே அவரிடம் சேர்ந்தார். பின்னாளில் பம்பாயில் சமூகவியல் துறையை வளர்த்த அதே குர்யேதான். மெலனீசிய மக்கள்தொகை ஏன் தேய்கிறது என்று 1922இல் எழுதினார். வெள்ளை ஆட்சி தலைவேட்டையைத் தடுத்தபோது, அதனோடு பிணைந்திருந்த படகுக் கட்டுமானமும் விழாவும் வாழும் விருப்பமும் சேர்ந்து மடிந்தன என்றார். கிரெய்க்லாக்கார்ட்டில் கண்ட நோயை ஒரு தீவுச் சமூகம் முழுவதிலும் கண்டதைப் போன்றது அந்த எழுத்து.

அதே ஆண்டு தொழிற்கட்சியின் சார்பில் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதிக்கு வேட்பாளராக நிற்க இசைந்தார். மேடைக்கு அஞ்சியிருந்த திக்குவாய், வாக்குக் கேட்கத் துணிந்தது. அது நடக்கவில்லை. சூன் மாதத் தொடக்கத்தில், விடுமுறையால் கல்லூரி வெறிச்சோடியிருந்த ஓர் இரவு, அவருக்குக் குடல் இறக்கம் முறுக்கிக்கொண்டது. தனியே கிடந்தவரைக் காலையில்தான் கண்டனர். அறுவை பயனளிக்கவில்லை, 1922 சூன் 4ஆம் நாள் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. கனவுகளைப் பற்றிய நூலும் மருத்துவம், மந்திரம், சமயம் பற்றிய நூலும் அவர் மறைந்த பின்னரே அச்சேறின.

1936இல் சஸூன் தம் வாழ்வைக் கதையாக எழுதிய நூல்களுள் மூன்றாவது வெளிவந்தது. அதில் தம் பெயரையே ஷெர்ஸ்டன் என்று மாற்றிக்கொண்டார். நண்பர்களுக்கும் புனைபெயர் சூட்டினார். மருத்துவரை மட்டும் ரிவர்ஸ் என்றே எழுதினார்.